தவறணைப் பலகையில் வேலாயி

சாராயத் தவறணை வாசலில் வேலாயியின் முகம் தொங்குகிறது என்ற சேதி தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் மேட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, வேலாயி வாசலில் குந்தி குரக்கன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதம். பிசைகிற மாவில் பாதி காற்றோடு போய்க்கொண்டிருந்தது. சேதியைக் கொண்டுவந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அடுத்த காம்பராக்காரி பூவம்மா.

"ஏண்டி வேலாயி, ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எதுக்கு?"

"படம் புடிக்க ஒக்காந்ததுக்கு. நேத்து சாயந்தரம் எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொல்றாரு. தம்பையா மொதலாளி தவறணையில ஒசரமா ஒரு பலகை மாட்டியிருக்காராம். அதுல நீ நிக்கிறியாம். கூடை நெறய சாராயப் போத்தலாம். ஒரு கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கிறியாம்."

வேலாயி கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிச் சட்டியில் போட்டாள். "ஒரு கண்ண மூடிக்கிட்டு எதுக்குடி சிரிக்கணும்? கண்ணுல தூசியா?"

"எனக்கென்ன தெரியும். நாடிக்குக் கீழ மச்சம்கூட இருக்காம்."

வேலாயிக்கு நாடிக்குக் கீழே மிளகளவு மச்சம் உண்டு. அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தப் பெயிண்ட்டுக்காரன் அவள் நினைவுக்கு வந்தான்.

அவர்களுடையது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். போன மாதம் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பேர் எழுத பதுளையிலிருந்து சுந்தரலிங்கம் என்று ஒருவன் வந்திருந்தான். எலும்பும் தோலுமான ஆள். முன்பு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவனாம். கொழுந்து நிறுக்க நிற்கும் வரிசையில் வேலாயியை அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பாவம், பசியில் பார்க்கிறான் என்று நினைத்து, மடியிலிருந்த குரக்கன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவன் அதை வாங்கித் தின்றுகொண்டே மேலும் பார்த்தான்.

"ரொட்டியத் தின்னுட்டுப் பண்ண வேலையப் பாரு" என்றாள் வேலாயி.

தம்பையா முதலாளி கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிவகங்கைப் பக்கத்து ஆள். காதில் கடுக்கன், தொப்பைக்கு மேல் வெள்ளை முண்டா பனியன், முகத்தில் பாதியை மறைக்கிற மீசை. தோட்டத்து ரோடு பதுளை ரோட்டில் சேரும் இடத்தில் தவறணை நடத்திவந்தார். கடனுக்குக் குடித்தவனைக்கூடப் பேர் சொல்லித் திட்டமாட்டார். ஆனால் பதுளைக்கு ரயில் ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வேலையாட்களுக்காக டவுனுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தவறணை முளைத்தது. அதன் சுவரில் கொழும்பிலிருந்து வந்த பிராந்திப் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். தோளில் துணி நிற்காத ஒரு வெள்ளைக்காரி கையில் கிளாசோடு சாய்ந்திருப்பாள். அவளைப் பார்ப்பதற்கென்றே தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கி, தம்பையாவின் தவறணையைத் தாண்டி, அத்தனை தூரம் நடந்தார்கள். போகும்போது அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேறு போனார்கள். அந்தக் கும்பிடுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெள்ளைக்காரியைக் காட்டி ஆள் பிடிக்கிறான், நான் நம்ம ஊர்க்காரியைக் காட்டுகிறேன் என்று சுந்தரலிங்கத்தைக் கூப்பிட்டு விட்டார். சுந்தரலிங்கத்துக்கு உடம்பு வரைவது ஒரு பொருட்டே இல்லை. நாடகத் திரையில் ராணிக்கும் தோழிக்கும் அப்சரஸுக்கும் எழுதிய ஒரே உடம்பு அவன் கையில் இருந்தது. முகம்தான் வராது. ஒரு முகத்தை நேரில் பார்த்தால்தான் அவனுக்கு முகம் வரும். அப்படித்தான் ராணியின் உடம்பில் வேலாயியின் தலை ஏறியது.

அன்றைக்கு வேலை விட்டு வந்த மாரிசாமி சேதியைக் கேட்டதும் மூலையில் இருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டான். மாரிசாமி வேலாயியின் புருசன். சாதுவான ஆள். கோபம் வந்தால் என்ன செய்வதென்று அவனுக்கே தெரியாது.

"எங்க போறீங்க?"

"அந்தப் பலகைய ரெண்டாப் பொளந்துட்டு வர்றேன். எம்பொண்டாட்டிய சந்தியில நிறுத்துறதுக்கு அவன் யாரு?"

"பொளந்துட்டு நேரா வீட்டுக்கு வாங்க. கொழம்பு ஆறிரும்."

குழம்பு ஆறித்தான் போனது. பொழுது சாய்ந்து, மலைக்கு மேல் மஞ்சள் வெளிச்சம் கிடக்கும்போது மாரிசாமி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வந்தான். கையில் கத்தி இல்லை.

"கத்தி எங்கங்க?"

"தவறணையில இருக்கு. பத்திரமா இருக்கு."

"பலகை?"

"அதுவும் பத்திரமா இருக்கு." மாரிசாமி வாசல் கல்லில் உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். "இந்தா புள்ள, நான் சொல்றத நிதானமாக் கேளு. நான் போனதுமே மொதலாளி எந்திரிச்சு நின்னாரு. வாங்க மாப்பிள்ளைன்னாரு. எனக்குன்னு முன்பெஞ்சு. மத்தவனெல்லாம் தரையில. மாரிசாமி, பண்டாரவளையிலேருந்து பதுளை வரைக்கும் எவன் பொண்டாட்டி பலகையில இருக்கா, ஓம்பொண்டாட்டிதான் இருக்கான்னாரு. யோசிச்சுப் பாத்தேன். நெசந்தான்."

"எத்தன கிளாசு யோசிச்சீங்க?"

"அவராக் குடுத்தாரு. நான் கேக்கல." அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்தப் படத்துல நீ சிரிக்கிற மாதிரி ஒரு தரம் சிரியேன்."

"சோத்தத் தின்னுட்டுப் படுங்க."

"அதுல இடுப்பு இப்புடி இருக்கு புள்ள." அவன் இரண்டு கையையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினான்.

"அது ரெண்டு புள்ள பெத்த இடுப்பு இல்லீங்க. பெயிண்ட்டு."

அன்றோடு போயிருந்தால் வேலாயியும் மறந்திருப்பாள். மாரிசாமி மறுநாளும் தவறணைக்குப் போனான். அடுத்த நாளும் போனான். கேட்டால் ஒரே பதில்: "நான் எங்க போனேன்? கூப்பிட்டுச்சு, போனேன்." பலகையில் பெரிய எழுத்தில், 'களைச்சிட்டீங்களா மாமா? வாங்க' என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தம்பையா வாசலில் நின்று படித்துக் காட்டினார். லயத்தில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். மலையில் கொழுந்தெடுக்கும்போது கவ்வாத்துக்காரர்கள் அடுத்த மலைச்சரிவுத் தொங்கலிலிருந்து குரல் கொடுத்தார்கள். "களைச்சிட்டோம் வேலாயி, வரட்டுமா?" நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்ட பையன்கள்கூடப் பல்லைக் காட்டினார்கள். வேலாயி நிரையைவிட்டு நிமிராமல் கொழுந்தைக் கிள்ளினாள். வழக்கமாக இரண்டிலை ஒரு மொட்டு எடுக்கிற கை, அந்த வாரம் முற்றலையும் சேர்த்துக் கிள்ளியது. கணக்கப்பிள்ளையிடம் அதற்கும் ஏச்சு வாங்கினாள்.

கடைசியில் வந்தவள்தான் பெரிய ஆள். கங்காணி முருகையாவின் சம்சாரம் பாக்கியலெட்சுமி. தோட்டத்து மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் காய்ச்சும்போது வேலாயிதான் வருசா வருசம் துடுப்புப் போட்டுக் கிண்டுவாள். கட்டி தட்டாமல் கிண்ட அவளைவிட்டால் ஆளில்லை. பாக்கியலெட்சுமி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த வருசம் நீ ஒதுங்கியிரு வேலாயி. தவறணையில கண்ணடிக்கிற கை ஆத்தா கூழக் கிண்டக்கூடாது."

"கண்ணடிக்கிறது கையில்லீங்களே கங்காணியம்மா."

"வாய் பேசாத. ஒக்காராம எப்புடிடி படம் வரும்?"

வேலாயி குடத்தை நிறைக்காமலேயே திரும்பி வந்தாள். மற்றதெல்லாம் அவளுக்குக் காற்றோடு போனது. கூழ் விஷயம் போகவில்லை. கப்பலேறி வந்த வருசம், மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது அவள் அந்த ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்ட வேலை அது. மாரிசாமிக்கும் அது தெரியும். அவன் தலையைச் சொறிந்தான். "மொதலாளிகிட்டச் சொல்லிப் பாக்கவா?" என்றான். "நீங்க போனா கூப்பிட்டுச்சும்பீங்க. நானே போறேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் பூவம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினாள். தன் படத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவர்கள் காம்பராவில் இருந்த கண்ணாடி உள்ளங்கையளவு. அதில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் பார்க்கலாம். தன் முழு முகத்தை அவள் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததேயில்லை. நல்ல முகமாகத்தான் இருந்தது. பரவாயில்லையே என்று ஒரு நிமிசம் மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததற்காக உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. முகத்துக்குக் கீழே பார்த்தாள். ரவிக்கை நழுவிக்கொண்டிருந்தது. முழங்கைவரை வளையல். கொழுந்தெடுக்கும்போது படங்குச் சாக்கு கட்டவேண்டிய இடுப்பில் பட்டுச்சேலை. கொழுந்துக் கூடையில் போத்தல்கள்.

பெஞ்சிலிருந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், வேலாயியைப் பார்த்தார்கள், மறுபடி பலகையைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது அது இல்லப்பா. அது நல்லாருக்கு."

வேலாயி தம்பையாவிடம் போனாள். "மொதலாளி, இதக் கழட்டுங்க."

"ஏம் தாயி, தப்பா ஒண்ணும் எழுதலியே. மரியாதையா மாமான்னுதான் எழுதியிருக்கு."

"எனக்கு மாமன் ஒருத்தருதான். அவரும் மணப்பாறையில செத்துப்போயிட்டாரு. இவங்கள்லாம் யாரு?"

"வியாபாரத்துல அதெல்லாம் பாக்க முடியுமா?"

"சாராயம் ஒங்களது. வியாபாரம் ஒங்களது. ஒங்க மூஞ்சியப் போடவேண்டியதுதானே."

தம்பையா பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். "எம்மூஞ்சியப் பாத்து எவன் தாயி குடிக்க வருவான்?"

"எம்மூஞ்சியப் பாத்து மட்டும் எதுக்கு வர்றாங்க?"

அவர் கல்லாவுக்குத் திரும்பிக் காசை எண்ண ஆரம்பித்தார். பலகை இறங்கவில்லை.

திங்கட்கிழமை கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் வேலாயி லயத்துக்குப் போகவில்லை. கூடை முதுகிலிருக்க, படங்குச் சாக்கு இடுப்பிலிருக்க, வேலைநேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவிலிருந்து சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தவறணைக்கு வந்தாள். பலகைக்கு நேர் கீழே, ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். தம்பையா ஓடி வந்தார்.

"என்ன தாயி இது?"

"நாந்தானே எல்லாரையும் கூப்பிடுறேன். கூப்பிட்டவ வாசல்ல இல்லாட்டி மரியாதையா இருக்குமா?"

முதலில் வந்தவன் பூவம்மாவின் புருசன். வேலாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பலகையில் எழுதியிருந்தபடியே சொன்னாள். "களைச்சிட்டீங்களா மாமா? வாங்க. பூவம்மா மாவு இல்லன்னு காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கா. உள்ள போயிட்டு வரும்போது மாவு வாங்கிட்டுப் போறீங்களா, மாவ வாங்கிக் குடுத்துட்டு வர்றீங்களா?" அவன் நின்றான். கால் மாற்றினான். ரோட்டில் எதையோ தொலைத்துவிட்டவன்போல் தேடிக்கொண்டே திரும்பிப் போனான்.

அடுத்தவனுக்கு அவன் அம்மாவின் இருமல். அதற்கடுத்தவனுக்கு ஒழுகுகிற கூரைத் தகரம். யாரையும் ஏசவில்லை. எல்லோரையும் மாமா என்றாள், வாங்க என்றாள். வீட்டுச் சமாசாரத்தை மட்டும் ஒரு வாய் சேர்த்துச் சொன்னாள். மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் உள்ள அத்தனை சமாசாரமும் கொழுந்தெடுக்கிற பெண்களின் வாயில் இருந்தது. மாரிசாமி வளைவுவரை வந்தான். தன் பெண்டாட்டி பலகையிலும் இருக்கிறாள் தரையிலும் இருக்கிறாள் என்று கண்டதும் அங்கேயே நின்று ஒரு பீடி குடித்துவிட்டு லயத்துக்கு நடந்தான்.

மறுநாள் பூவம்மா வெற்றிலைப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விறகு பொறுக்கப் போனவர்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறினார்கள். தலைக்குப் பேன் பார்த்தார்கள். பீலிக்கரையில் நடக்கவேண்டிய பேச்செல்லாம் தவறணை வாசலுக்கு வந்துவிட்டது. ரோடு சர்க்கார் ரோடு. எழுந்திருங்கள் என்று சொல்லத் தம்பையாவுக்கு வாயில்லை. ஆம்பிளைகள் குடிப்பதற்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் பெண்டாட்டி, மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும்போது ஒருத்தனுக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

பெண்களை எழுப்ப ஒரு பெண்தான் சரி என்று தம்பையா கங்காணி வீட்டுக்கு ஆளனுப்பினார். பாக்கியலெட்சுமி வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"என்னடி கூத்து இது? தோட்டத்து மானம் போகுது. எந்திரிங்க எல்லாரும்."

"ஒக்காருங்க கங்காணியம்மா" என்றாள் வேலாயி. "காலு வலிக்கும்."

"நான் ஏன் ஒக்காரணும்? எங்க வீட்டு ஆளு இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. தவறணையின் பக்கச் சுவரில், போத்தல் அடுக்குகிற அறையின் கதவு மெல்லத் திறந்தது. முதலில் ஒரு குடை வந்தது. பிறகு கறுப்புக் கோட்டு. கங்காணி முருகையா சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, வாயைத் துடைத்தபடி, வாழைத்தோட்டத்துக்குள் இறங்கப் போனார். முன்வாசலில் பெண்கள் உட்கார்ந்திருப்பதால் அவர் இவ்வளவு நேரமும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வேலாயி எழுந்து கைகூப்பினாள். "களைச்சிட்டீங்களா மாமா?"

முருகையா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையுமில்லை, அந்தப் பக்கம் வெயிலுமில்லை. பாக்கியலெட்சுமி அவர் போவதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு வேலாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளுடி" என்றாள். பூவம்மாவின் வெற்றிலைப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கூழுக்குக் குரக்கன் நாளைக்கு அளந்து அனுப்புறேன். நீயே கிண்டு" என்றாள்.

அன்றோடு தம்பையா இறங்கி வந்தார். பலகைக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது, முகத்தை மட்டும் மாற்றிவிடுகிறேன் என்றார்.

"யாரு மொகத்த வைப்பீங்க?" என்றாள் வேலாயி. "எவ மொகத்த வச்சாலும் அவ வந்து இங்க ஒக்காருவா. நாங்களும் கூட ஒக்காருவோம்."

"யாரு மாதிரியும் இல்லாம ஒரு மொகம் எழுதச் சொல்றேன்."

சுந்தரலிங்கம் வந்தான். வேலாயியின் முகத்தின்மேல் வெள்ளை பூசினான். அவள் கீழே நின்று தன் முகம் மறைவதைப் பார்த்தாள். மச்சம் கடைசியாக மறைந்தது. அதன்பிறகு அவனுக்குக் கை ஓடவில்லை. யாரையும் பார்க்காமல் முகம் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. பெண்கள் ஒருத்தியும் அந்தப் பக்கம் வரவில்லை. ஏணியில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் தம்பையா ஒருவர்தான். கல்லாவில் உட்கார்ந்து, 'ஆச்சாப்பா, ஆச்சாப்பா' என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலியில் பாதியைச் சரக்காக வாங்கிக் குடித்துக்கொண்டே சுந்தரலிங்கம் எழுதி முடித்தான்.

சனிக்கிழமை சம்பளநாள். ஆம்பிளைகளும் பெண்களும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். பலகைக்கு முன்னால் கூட்டம் நின்றது. பட்டுச்சேலை அப்படியே இருந்தது. வளையல், நழுவுகிற ரவிக்கை, போத்தல் கூடை, 'வாங்க' எல்லாம் அப்படியே. முகம் மட்டும் புதிது. அடர்ந்த புருவம், உப்பிய கன்னம், அகன்ற மூக்கு, காதில் கடுக்கன். பெண்ணுக்கு ஆகாது என்று மீசையை மட்டும் சுந்தரலிங்கம் விட்டுவிட்டிருந்தான். ஒரு கண் மூடியிருந்தது.

கூட்டம் பலகையைப் பார்த்தது, தம்பையாவைப் பார்த்தது. சிரிப்பு எல்லோருக்கும் தொண்டையில் நின்றது. மாரிசாமிதான் முதலில் தாங்கமுடியாமல் தலைப்பாகையால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தினான். அதற்குப் பிறகு யாராலும் நிற்க முடியவில்லை. பூவம்மா விறகுக்கட்டின்மேல் சாய்ந்துவிட்டாள்.

தம்பையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் இறங்கி வந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கான். எங்கயோ பாத்த மொகமா இருக்கு" என்றார். இன்னும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து பார்த்தார். அவர் முகம் இளகியது. "எங்க அம்மா சாயலா இருக்கே. அப்படியே எங்க அம்மாதான்."

சிரிப்பு நின்றது. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்திருக்கவேண்டும். கண் முகத்திலிருந்து கீழே இறங்கியது. ரவிக்கையைப் பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார். மூடியிருந்த கண்ணைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். அவர் வாசலில் நின்று எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டிய வரி அது. இப்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அம்மா ஊர்ல சுகமா மொதலாளி?" என்று வேலாயி கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் மாறிப்போனது.

"இல்ல தாயி. நான் இங்க வந்த மறு வருசம் போயிட்டாங்க. போய்ப் பாக்கக் குடுத்துவைக்கல."

அவர் ஏணியைத் தானே தூக்கிவந்து சாத்தினார். தொப்பையோடு ஏறினார். மாரிசாமி போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பலகை இறங்கியதும் தம்பையா மேல்துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தி, படம் உள்பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு வியாபாரமே இல்லை.

ஆடிக் கூழ் அந்த வருசம் கட்டி தட்டவில்லை. தம்பையா ஒரு மூட்டை குரக்கன் கொடுத்தனுப்பினார். தவறணை நின்றுவிடவில்லை. அது எப்படி நிற்கும்? வாசலில் ஒரு சின்னப் பலகை வந்தது. 'சாராயம் விற்கப்படும்' என்று கறுப்பு எழுத்து. பக்கத்தில் ஒரு பூகூட இல்லை.

அடுத்த சம்பளத்தன்று விளக்கேற்றும் நேரத்தில் மாரிசாமி வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தான். காற்று அவன் பக்கமிருந்து வீசியது. வேலாயி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"யாரு கூப்பிட்டா?"

மாரிசாமி யோசித்தான். சொல்வதற்கு ஒருத்தருமில்லை. அங்கே இருந்ததெல்லாம் இரண்டு சொல், அதுவும் அவனைப் பார்த்துப் பேசாத சொல்.

"யாரும் கூப்பிடல" என்றான். "நானாத்தான் போனேன்."

"சரி" என்றாள் வேலாயி. கையைக் கழுவிக்கொண்டு சின்னவனைத் தூக்கிக்கொண்டாள். "சட்டி அங்க இருக்கு. சம்பல் ஒறியில இருக்கு. நீங்களாவே எடுத்துப் போட்டுத் தின்னுங்க."